பிரிந்தபின் செழித்தவர்கள்: பந்துவீச்சாளரும் புலவரும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பிள்ளைச்சாவடியில் கோடை என்பது பேச்சின் பருவம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள்கள் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்நாள்களின் பெரும்பகுதியில் ஐ.பி.எல். கிரிக்கெட்டும் நடைபெறுகிறது. மணலில் அமர்ந்து வலையைச் செப்பனிடுவோரின் விரல்கள் ஒருபுறம் ஓட, வாய் முந்தைய இரவின் ஆட்டத்தை அலசிக்கொண்டிருக்கும். சாலையோரத் தேநீர்க் கடையில் பொறியியல் மாணவர்களும் வந்து கலந்துகொள்வர். கடலும் கல்லூரியும் ஒரே பெஞ்சில் அமர்கின்ற ஊர் இது. எத்தனையோ வாதங்கள் அங்கே எழுந்து தேநீர் ஆறுவதற்குள் அடங்கிவிடுகின்றன. ஒரு வாதம் மட்டும் ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்குகிறது. "நம்மகிட்ட இருந்த வரைக்கும் சும்மா இருந்தான். அங்க போனதும் பாரு, விக்கெட்டா எடுக்கறான்!"

இந்த ஒரு வாக்கியத்திலிருந்து இரண்டு கட்சிகள் பிறக்கின்றன. அணியைக் குறை கூறுவோர் ஒரு கட்சி. கையில் இருந்த மாணிக்கத்தைக் கூழாங்கல் என்று எண்ணி எறிந்துவிட்டார்கள் என்பது இவர்கள் வழக்கு. ஆளைக் குறை கூறுவோர் மற்றொரு கட்சி. சோறு போட்ட வீட்டில் சோம்பிக் கிடந்தவன், அடுத்த வீட்டில் போய் ஆளாகிவிட்டான் என்பது இவர்கள் வழக்கு. இரு கட்சியும் ஒன்றையொன்று மறுப்பனபோல் தோன்றினாலும் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணமே. திறமை என்பது ஒருவனுக்குள் அடைத்து வைக்கப்பட்ட பொருள். அது முன்னும் அவ்வளவே, பின்னும் அவ்வளவே. ஆகவே யாரோ ஒருவர் குற்றவாளியாக இருந்தே தீர வேண்டும் என்பதே அவ்வெண்ணம்.

கிரிக்கெட் பேச்சுக்கு இலக்கிய மேடையில் என்ன வேலை என்று வினவுவோர் இருக்கலாம். இலக்கிய வட்டங்களிலும் இதே பேச்சுத்தான் வேறு சொற்களில் நடக்கிறது. இங்கே மூன்றாண்டு கவிதை வாசித்தபோது கைதட்டலுக்கு மேல் ஒன்றும் பெறாத ஒருவர், சென்னைக்கோ கோவைக்கோ பெயர்ந்த பின் நூல் வெளியிட்டுப் பெயர் பெறுகிறார். உடனே வட்டத்திற்குள் அதே இரண்டு கட்சிகள் எழுகின்றன. பத்தாண்டு நிறைவுக்கு மலர் வெளியிடும் எந்த வட்டமும், பிரிந்து போனவர்களைப் பற்றி என்ன எழுதுவது, எழுதுவதா விடுவதா என்னும் கேள்வியைத் தாண்டி வர இயலாது. உள்ளே இருப்போரைப் பற்றி எழுதுவது எளிது. வெளியேறியவரைப் பற்றி எழுதும்போதுதான் வட்டத்தின் தன்மை தெரிகிறது.

தமிழில் இந்த வழக்கு மிகப் பழையது. பெருஞ்சித்திரனார் வெளிமானை நாடிச் சென்றார். வெளிமான் மறைய, இளவெளிமான் புலவரின் தகுதிக்கு ஏலாத சிறு பரிசிலை அளித்தான். புலவர் அதனைக் கொள்ளாமல் குமணனிடம் சென்று பாடி, யானையைப் பரிசிலாகப் பெற்றார். பெற்றவர் நேரே வீட்டுக்குப் போகவில்லை. அந்த யானையை ஓட்டிவந்து இளவெளிமானின் காவல் மரத்தில் கட்டிவிட்டு, இது நான் உனக்குத் தரும் பரிசில் என்னும் பொருள்பட ஒரு பாட்டும் பாடிச் சென்றார். புறநானூற்றின் 162ஆம் பாட்டு அது. பழைய அணிக்கு எதிராகப் பந்து வீசி ஐந்து விக்கெட் எடுத்துவிட்டு, பழைய தலைவர் அமர்ந்திருக்கும் திசையை ஒரு கணம் பார்க்கும் பந்துவீச்சாளரைக் கண்டவர்களுக்கு இந்தப் பாட்டு உரையின்றியே விளங்கும்.

ஆயினும் அதே புலவரின் மற்றொரு பாட்டே இங்கு இன்னும் ஆழமாகப் பயன்படுவது. 208ஆம் பாட்டில், அதியமான் தம்மை நேரில் காணாமலே பரிசில் அனுப்பியதை அவர் ஏற்க மறுக்கிறார். பரிசில் சிறிது என்பது அங்கே குறையன்று. காணவில்லை என்பதே குறை. தம்மையும் தம் புலமையையும் அறிந்து தருவதாயின் தினையளவேனும் போதும் என்கிறார். சிறு பரிசில் ஓர் இழிவு. காணாது தந்த பெரும் பரிசில் மற்றோர் இழிவு. இரண்டாவது இழிவைப் புரிந்துகொள்ளச் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த ஓர் இடக்கை வேகப்பந்து வீச்சாளரின் கதை உதவும்.

த. நடராஜனை 2017இல் பஞ்சாப் அணி மூன்று கோடி ரூபாய்க்கு எடுத்தது. அந்தப் பருவத்தில் அவர் ஆடியது ஆறு ஆட்டங்கள். எடுத்தது இரண்டு விக்கெட்டுகள். அடுத்த ஆண்டு ஐதராபாத் அணி அவரை நாற்பது இலட்சத்துக்கு எடுத்தது. மூன்று கோடி நாற்பது இலட்சமானது. 2018இலும் 2019இலும் அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 2020இல் களமிறங்கி 16 விக்கெட்டுகள் எடுத்தார். மட்டையாளரின் காலடியில் விழும் யார்க்கரை ஆட்டத்தின் கடைசி ஓவர்களில் அவரைப்போல் இடைவிடாமல் வீசியவர் அந்தப் பருவத்தில் வேறொருவர் இல்லை எனலாம். வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டவர், ஒரே பயணத்தில் இந்தியாவுக்காக மூவகை ஆட்டங்களிலும் அறிமுகமானார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் நடந்த டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட்டுகளையும் கைப்பற்றினார்.

வருண் சக்கரவர்த்தியின் கதையும் இதே பஞ்சாப் வாயில் வழியாகவே செல்கிறது. கட்டடக்கலை பயின்றவர், விக்கெட் காப்பாளராகத் தொடங்கி, வேகப்பந்துக்கு மாறி, முழங்கால் காயத்துக்குப் பின் சுழற்பந்துக்கு வந்தவர். 2018இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் மதுரை அணி கோப்பை வென்றபோது அவரது பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்பது மட்டையாளர்க்குப் புதிராக இருந்தது. இருபது இலட்ச ரூபாய் அடிப்படை விலையில் ஏலத்துக்கு வந்தவரை 2019 பருவத்துக்கென எட்டுக் கோடியே நாற்பது இலட்சம் தந்து பஞ்சாப் எடுத்தது. கொல்கத்தாவின் ஈடன் கார்டனில் அவர் வீசிய முதல் ஐ.பி.எல். ஓவரில் 25 ஓட்டங்கள் போயின. பிறகு காயம். அந்தப் பருவம் முழுவதிலும் ஒரே ஆட்டம். அடுத்த ஆண்டு அதே கொல்கத்தா, ஏறத்தாழப் பாதி விலைக்கு, நான்கு கோடிக்கு அவரை எடுத்தது. 2020இல் 17 விக்கெட்டுகள். டெல்லிக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் மட்டும் 20 ஓட்டங்களுக்கு ஐந்து.

இருவர் வரலாற்றிலும் விலை குறைந்தபோது விளைச்சல் பெருகியிருக்கிறது. தேநீர்க் கடை வாதத்தில் எவரும் எளிதில் கவனிக்காத செய்தி இது. விலைதான் மதிப்பு என்று எண்ணுவோர்க்கு மூன்று கோடியும் எட்டுக் கோடியும் பெரும் மரியாதையாகத் தோன்றும். பெருஞ்சித்திரனார் கண்ணில் அவை காணாமல் அனுப்பிய பரிசில். காணுதல் என்பது, அடி வாங்கிய ஓவருக்குப் பிறகும் அடுத்த ஓவருக்கு அதே கையில் பந்தைத் தருவது. இந்த வகையில் கொல்கத்தாவின் பெருமை 2020இல் இல்லை, 2022இல் இருக்கிறது. 2021 உலகக் கோப்பையில் மூன்று ஆட்டங்களில் ஒரு விக்கெட்டும் எடுக்காமல் திரும்பிய வருண், 2022 ஐ.பி.எல்.லில் பதினொரு ஆட்டங்களில் ஆறே விக்கெட்டுகள் எடுத்தார். இந்திய அணி அவரை மறந்துவிட்டது. கொல்கத்தா விட்டுவிடவில்லை. 2023இல் 20 விக்கெட்டுகள், 2024இல் 21 விக்கெட்டுகள், சேப்பாக்கத்தில் கோப்பை. 2025 மார்ச்சில் துபாயில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகள் எடுத்து, இந்தியா வென்ற சாம்பியன்ஸ் கோப்பையில் பங்கு பெற்றார். கவிதை வாசித்துத் தோற்ற மாலைக்கு அடுத்த மாதமும் அதே கவிஞரை அழைப்பதற்கு எந்த வட்டத்துக்கு மனம் வரும் என்பது எண்ணத்தக்கது.

பஞ்சாப்பை மட்டும் குற்றக் கூண்டில் ஏற்றுவது நீதியாகாது. வருணுக்கு அங்கே காயம் குறுக்கிட்டது. காயத்துக்கு அணி என்ன செய்யும்? நடராஜனும் புதிய வீட்டுக்குப் போன உடனே செழிக்கவில்லை. ஈராண்டுகள் பெஞ்சில் அமர்ந்திருந்தார். மாறிய மண்ணே மருந்து என்றால் 2018லேயே குணம் தெரிந்திருக்க வேண்டும். 2015இல் ரஞ்சி அறிமுகத்தின்போது அவரது பந்துவீசும் முறை ஐயத்துக்கு உள்ளாகி, கையை மீண்டும் முதலிலிருந்து பழக்க வேண்டியிருந்தது. அந்த உழைப்பின் கனி எந்த அணிச் சட்டையில் இருக்கும்போது விழுந்ததோ அந்த அணிக்குப் பெயர் போயிற்று.

இங்கே கணக்கறிந்தோர் கூறும் ஒரு செய்தியையும் கருத வேண்டும். ஒரு பந்துவீச்சாளரை அணி எப்போது விடுகிறது? அவரது மிக மோசமான பருவத்துக்குப் பிறகு. எந்த மனிதனின் மிக மோசமான ஆண்டுக்கும் அடுத்த ஆண்டு, பெரும்பாலும் அதைவிட நன்றாகவே இருக்கும். இருந்த இடத்தில் இருந்திருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும். சராசரிக்குத் திரும்புதல் என்று இதனைச் சொல்வர். கடலோடிகளுக்கு இது புதிதன்று. தொடர்ந்து நான்கு நாள் வெறும் வலையோடு திரும்பியவன் வேறு படகுக்கு மாறுகிறான். ஐந்தாம் நாள் மீன் படுகிறது. படகு மாறியதால் பட்டது என்கிறான். மீன் அந்த ஐந்தாம் நாளில் பழைய படகுக்கும் பட்டிருக்கக்கூடும். மேலும், பிரிந்து போய்ச் செழித்தவரைப் பற்றியே பேச்சு நடக்கிறது. பிரிந்து போய் மங்கியவர் அதனினும் பலர். அவரைப் பற்றி எந்தத் தேநீர்க் கடையும் கண்ணீர் விடுவதில்லை. மறதியே அவர்களுக்கு மலர்.

அணி மாறியதனால்தான் செழித்தார் என்று துணிந்து கூறத்தக்க ஒருவரைக் காட்ட வேண்டுமாயின், கிரிக்கெட்டை விட்டு அமெரிக்க நாட்டின் பேஸ்பால் ஆட்டத்துக்குச் செல்ல வேண்டும். இந்த வாதத்தை நம்மினும் நூறு மடங்கு ஆர்வத்தோடு நடத்துவோர் அந்நாட்டு ரசிகர்களே. அவ்வாட்டத்தில் பந்தெறிபவரைப் பிட்சர் என்பர். அவர் நான்கு பந்துகளை எல்லைக்கு வெளியே எறிந்துவிட்டால், மட்டையாளர் அடிக்காமலே நடந்து முதல் தளத்தை அடைந்துவிடுவார். நோலன் ரையன் என்னும் இளைஞரிடம் கண்ணுக்குப் புலப்படாத வேகம் இருந்தது; எங்கே போய் விழும் என்னும் உறுதி இல்லை. நியூயார்க் மெட்ஸ் அணி அவருக்குத் தொடர்ந்து பந்து தரவில்லை. படைத்துறைச் சேமப்படைப் பணி வேறு இடையிடையே அழைத்துக்கொண்டது. 1971இல் அவர் எறிந்தது 152 இன்னிங்ஸ் மட்டுமே. அவ்வாண்டு டிசம்பரில் மெட்ஸ் அவரையும் வேறு மூவரையும் கலிபோர்னியா ஏஞ்சல்ஸ் அணிக்குக் கொடுத்து, ஜிம் ஃபிரகோசி என்னும் புகழ்பெற்ற ஆட்டக்காரரைப் பெற்றது.

1972இல் ஏஞ்சல்ஸ் அவரிடம் 284 இன்னிங்ஸ் பந்தைக் கொடுத்தது. 329 மட்டையாளர்களை அவர் அடிக்கவிடாமல் வெளியேற்றினார். அடுத்த ஆண்டு 383 பேர். தற்காலப் பேஸ்பாலில் ஒரு பருவத்துக்கான அந்த எண்ணிக்கை இன்றும் முறியடிக்கப்படவில்லை. இவற்றைவிடச் சுவையானது வேறொன்று. 1972இல் அந்த லீக்கிலேயே மிகுதியாக மட்டையாளர்களை நடக்கவிட்டவரும் ரையன்தான், 157 முறை! மெட்ஸ் எந்தக் குறைக்காக அவரைக் கொடுத்ததோ அந்தக் குறை அவரோடு கலிபோர்னியாவுக்கும் போயிற்று. புதிய அணி குறையைப் போக்கவில்லை. குறையோடு சேர்த்தே ஆளை ஏற்றுக்கொண்டு, முறை தவறாமல் எறியச் சொன்னது. எறிந்து எறிந்தே அவர் எறிவாளரானார். ஃபிரகோசியோ நியூயார்க்கில் சோபிக்காமல் இரண்டாண்டு நிறைவதற்குள் விற்கப்பட்டார். 1993இல் ஓய்வு பெறும்போது ரையனின் மொத்தக் கணக்கு 5,714. மட்டையாளர் ஒருவரையும் அடித்துத் தளம் சேரவிடாத ஆட்டங்கள் ஏழு. இரண்டு கணக்குகளையும் இதுவரை எவரும் எட்டவில்லை.

இதனோடு கதை முடிந்திருந்தால் மெட்ஸ் ரசிகரின் ஒப்பாரி முழுமை பெற்றிருக்கும். முடியவில்லை. இருபத்தேழு பருவங்கள் ஆடிய ரையன் உலகத் தொடர் வெற்றியைச் சுவைத்தது ஒரே ஒரு முறை. அது 1969இல், தம்மைச் சரிவரப் பயன்படுத்தாத அதே மெட்ஸ் அணியில். வெளியேறிய பின் அவர் பெற்றதெல்லாம் சாதனைகள், கோப்பை பெறவில்லை. நம்மூர் அஸ்வினுக்கும் இதே விதி. 2010, 2011 ஆகிய ஆண்டுகளில் சென்னையோடு கோப்பை வென்றவர், பின்னர் டெல்லியோடும் ராஜஸ்தானோடும் இறுதி ஆட்டம் வரை சென்றும் மீண்டும் ஐ.பி.எல். கோப்பையைத் தொடவில்லை. சகலின் நிலை இன்னும் கூரியது. 2014 முதல் எட்டுப் பருவங்கள் பெங்களூருக்காக வீசியவரை அந்த அணி விட்டது. 2022இல் ராஜஸ்தானுக்காக 27 விக்கெட்டுகள் எடுத்து ஊதாத் தொப்பியை அணிந்தார். பெங்களூர் ரசிகர்கள் மூன்றாண்டு புலம்பினர். 2025 ஜூனில் பெங்களூர் தன் முதல் கோப்பையை வென்றபோது, எதிரே தோற்று நின்ற பஞ்சாப் அணியில் சகல் இருந்தார். செழித்தார் என்னும் சொல்லை எந்த அளவுகோலால் அளப்பது? தனிமனிதன் பெற்ற விக்கெட்டாலா, அவன் இருந்த அவையின் வெற்றியாலா? ஒருவரின் தனித்தொகுப்பு பரிசு பெறுவதும், அவர் இருந்த வட்டம் பத்தாண்டு தொடர்ந்து கூடுவதும் ஒரே தராசில் நிற்பனவல்ல.

இதுகாறும் பிரிந்தவரின் பக்கமிருந்தும் விட்டவரின் பக்கமிருந்தும் பேசப்பட்டது. மூன்றாவது பக்கம் ஒன்று உண்டு, ஏற்றுக்கொண்டவரின் பக்கம். புதுச்சேரி பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் நின்ற ஊர்.

புதுச்சேரிக்கெனத் தனி ரஞ்சி அணி களமிறங்கியது 2018-19 பருவத்தில்தான். அடுத்த பருவத்துக்குக் கர்நாடகத்தின் வினய் குமார் இங்கு வந்தார். தாவணகெரேக்காரர். 2013-14, 2014-15 ஆகிய இரு பருவங்களிலும் கர்நாடகம் ரஞ்சிக் கோப்பையை வென்றபோது தலைவராக இருந்தவர். இரண்டாவதன் இறுதி ஆட்டத்தில் தமிழ்நாட்டை முதல் இன்னிங்ஸில் 134க்குச் சுருட்டி ஐந்து விக்கெட்டுகள் எடுத்ததோடு, மட்டையிலும் சதம் அடித்தவர். அப்படிப்பட்டவர் முப்பத்தைந்து வயதில், இளைய வேகங்கள் வரிசைகட்டி நின்ற தம் மாநிலத்தை விட்டு, துத்திப்பட்டு மைதானத்துக்கு வந்து சேர்ந்தார். அந்தப் பருவத்தில் 45 விக்கெட்டுகள் எடுத்தார். ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ஓட்டம் சராசரியாகப் பன்னிரண்டுக்கும் குறைவு.

இதுவும் செழிப்புத்தானா? எதிரே நின்றவை பெரும்பாலும் முதல்தரக் கிரிக்கெட்டில் அப்போதுதான் காலடி வைத்த வடகிழக்கு மாநில அணிகள் என்று ஐயுறுவோர் உண்டு. ஐயம் நியாயமானதே. பெரும்புலவர் ஒருவர் சிற்றூர்க் கவியரங்கில் முதற்பரிசு பெறுவதில் வியப்பென்ன? ஆனால் பதினைந்தாண்டு பெரிய மேடையில் வீசியவர், பார்வையாளர் நூறு பேர்கூட இல்லாத மைதானத்தில், அதே ஓட்டத்தோடும் அதே அளவோடும் காலை முதல் ஓவரை வீச வருவதற்கு வேறு ஒரு மனம் வேண்டும். மறுமுனையில் நின்று அதைப் பார்த்த உள்ளூர் இளைஞனுக்குக் கிடைத்த பாடம் விக்கெட் பட்டியலில் ஏறாது. அதே வேளையில் இன்னொன்றையும் மறைக்கலாகாது. வெளியிலிருந்து வரும் ஒவ்வொருவரும் பதினொருவரில் ஓர் இடத்தை எடுத்துக்கொள்கிறார். அந்த இடத்துக்குக் காத்திருந்த உள்ளூர்ப் பிள்ளை ஒருவன் இருப்பான். அவன் வேறு மாநிலத்துக்குப் போய்ச் செழித்தால், இந்தத் தேநீர்க் கடை மீண்டும் முதல் வாக்கியத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஏற்றுக்கொண்ட ஊர் என்னும்போது பாரதியை நினையாதிருக்க எவராலும் இயலாது. 1908இல் கைதுக்கு அஞ்ச வேண்டிய நிலையில் சென்னையை விட்டுப் புதுச்சேரி வந்தவர், 1918 நவம்பர் வரை இங்கிருந்தார். பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் வெளிவந்தது 1912இல். கண்ணன் பாட்டும் குயிற்பாட்டும் இம்மண்ணில் எழுந்தவை. இதனைச் சொல்லும்போதெல்லாம் புதுச்சேரிக்காரர் குரல் சற்று உயர்வது வழக்கம். உயரட்டும். ஆயினும் புதுச்சேரி கொடுத்தது எது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். செல்வம் கொடுக்கவில்லை, வறுமையையே கொடுத்தது. பாதுகாப்பையும் முழுமையாகக் கொடுக்கவில்லை. ஆங்கில அரசின் ஒற்றர்கள் தெருமுனையில் நின்றனர். இங்கு வந்த முதல் ஈராண்டுகள் அவர் 'இந்தியா' இதழைத் தொடர்ந்து நடத்திக்கொண்டிருந்தார். 1910இல் அவ்விதழ் நின்றது. ஆங்கில இந்தியாவுக்குள் இதழ் செல்ல வழியடைந்தது. அன்றாடம் எழுதித் தீர வேண்டிய இதழ்ப்பணியும் அற்றது. நெடிய பாட்டுகள் அதன் பின்னரே வருகின்றன. அன்றாட ஓவர்களை வீசிக்கொண்டிருந்த கைக்கு, வேறு வகைப் பந்தை முயன்று பார்க்க ஓய்வு கிடைத்தது என்று இதனைக் கொள்ளலாம். அந்த ஓய்வு எவரும் திட்டமிட்டுத் தந்த கொடையன்று. இழப்பின் மறுபுறமாக வந்தது. சென்னை அவரைக் காணத் தவறியது என்பதும் பொருந்தாது. 1904இல் 'சுதேசமித்திரன்' அவரைக் கண்டுதான் அழைத்துக்கொண்டது. 1920இல் மீண்டும் அதே இதழுக்கே அவர் திரும்பினார்.

திரும்புதல் என்பது பிரிதலைவிடக் கடினமான கலைபோலும். 2015க்குப் பின் சென்னை அணி ஈராண்டுகள் தடைபட்டபோது பிரிந்த அஸ்வினை, 2018 ஏலத்தில் பஞ்சாப் எடுத்துக்கொண்டது. 2025இல் ஒன்பதே முக்கால் கோடிக்குச் சென்னை அவரை மீட்டது. சேப்பாக்கம் எழுந்து நின்று வரவேற்றது. ஒன்பது ஆட்டங்கள், ஏழு விக்கெட்டுகள். அவ்வாண்டு ஆகஸ்டில் ஐ.பி.எல்.லிலிருந்து ஓய்வு. டெஸ்டில் 537 விக்கெட்டுகள் எடுத்தவரை இந்த ஏழைக் கொண்டு அளந்த இரக்கமற்றோரும் தேநீர்க் கடையில் உண்டு. இதற்கு நேர் மாறாக, ஹர்ஷல் பட்டேல் பெங்களூரில் ஆறு பருவங்கள் பெரிதும் அறியப்படாமல் இருந்து, டெல்லிக்குச் சென்று, அங்கும் அப்படியே இருந்து, 2021இல் பெங்களூருக்கே திரும்பி 32 விக்கெட்டுகள் எடுத்தார். ஒரு பருவத்தில் எவரும் எடுத்த அதிக விக்கெட்டுகளுக்கு அது ஈடு. அதே மண், அதே சட்டை, அதே கை. இம்முறை கடைசி ஓவர்கள் உனக்கே என்று முன்கூட்டிச் சொல்லப்பட்டிருந்தது. பிரிவே செழிப்பின் காரணம் என்போர்க்கு இவர் ஒருவரே போதிய மறுப்பு.

வட்டத்துக்குள் வரும் இளங்கவிஞரிடமும் இதைப் போன்ற ஒன்று சொல்லப்படுகிறதா? கூட்ட நிறைவில் நேரம் இருந்தால் வாசிக்கலாம் என்று சொல்லப்பட்டவர்க்கும், அடுத்த திங்களின் முதல் அரைமணி உமக்கு என்று சொல்லப்பட்டவர்க்கும் கவிதை ஒரே மாதிரி எழுதப்படாது. முன்னவர் பிரிந்து போனால் நன்றி கெட்டவர் என்று பேசுவது எளிது. அவருக்கு வாய்த்த ஓவர்கள் எத்தனை என்று பழைய நிகழ்ச்சிக் குறிப்பேட்டை எடுத்துப் பார்ப்பது சற்றுக் கடினம். பத்தாண்டுக் குறிப்பேடுகள் வட்டத்தின் அலமாரியில்தான் இருக்கின்றன.

பெருஞ்சித்திரனாரிடம் மீண்டும் ஒருமுறை போக வேண்டியிருக்கிறது. காவல் மரத்தில் கட்டிய யானையை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள்; வஞ்சம் தீர்த்த காட்சி என்றால் ரசிகருக்குப் பிடிக்கும். ஆனால் அடுத்த பாட்டில், 163ஆம் பாட்டில், அவர் வீட்டு வாயிலில் நிற்கிறார். குமணன் தந்த வளத்தைத் தம் மனைவியிடம் கொடுத்து, உன்னை விரும்பியவர்க்கும், நீ விரும்பியவர்க்கும், நம் பசி தீரக் கடன் தந்தவர்க்கும், இன்னார் என்று எண்ணாமல், என்னையும் கேளாமல் எல்லார்க்கும் கொடு என்கிறார். யானை போன இடம் வேறு. செல்வம் போன இடம் வேறு.

சின்னப்பம்பட்டியில் நடராஜன் பெயரால் ஒரு கிரிக்கெட் மைதானம் 2023 ஜூனில் திறக்கப்பட்டது. தினேஷ் கார்த்திக் வந்து திறந்து வைத்தார். அதற்கும் முன்பே அவ்வூரில் நடராஜன் தொடங்கிய பயிற்சிக் களத்திலிருந்து ஜி. பெரியசாமி என்னும் இளைஞர் புறப்பட்டு, 2019இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் தொடர் நாயகனாகி, சென்னையின் சேப்பாக்கம் அணிக்குக் கோப்பை பெற்றுத் தந்திருந்தார். இப்போது மாலை வேளைகளில் அங்கே சிறுவர்கள், ஊன்றிய குச்சியின் அடியைக் குறிவைத்து யார்க்கர் வீசிப் பழகுகின்றனர்.